மூன்று போதும் இடத்தில் நான்கு

சோஹார். ஆகஸ்ட். இரவு இரண்டேகால்.
வெளியே சுவருக்கே வியர்க்கிறது.
உள்ளே பதினெட்டு டிகிரி.
ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு
மருத்துவமனையின் யூபிஎஸ் அறையில் நிற்கிறேன்.

பழையது ஒரே பெட்டி,
பாதி அறையை அடைத்துக்கொண்டு
பதினோரு வருஷம் முனகியது.
அது படுத்தால் எல்லாம் படுக்கும்.
உதிரி துபாயிலிருந்து வரவேண்டும்:
எல்லையில் ஒரு நாள், வெள்ளிக்கிழமையில் ஒரு நாள்.
ஆனாலும் அதன் குணம் எனக்குத் தெரியும்.
முனகல் மாறினால்
எந்த மின்தேக்கி என்று கண்மூடிச் சொல்வேன்.

புதியது அலமாரி.
நான்கு தட்டு, தட்டுக்கு இருபத்தைந்து கிலோவாட்.
நமக்குத் தேவை எழுபது.
நான்கும் பகிர்ந்து சுமக்கும்,
ஒன்று விழுந்தால் மூன்று தாங்கும்.
"சும்மா கூட இருப்பதற்கா இத்தனை ரியால்?"
கணக்குப் பிரிவு யாகூப் அல் பலூஷி கேட்டார்.
விற்க வந்தவர் சிரித்துவிட்டு
அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

இன்றிரவு இரண்டாம் தட்டில் சிவப்பு.
மேலே எட்டு இன்குபேட்டர்.
குழந்தைகள் பிரிவுக்குப் போன் போட்டேன்:
"சிஸ்டர், விளக்கு ஏதும் சிமிட்டியதா?"
"இல்லையே, ஏன்?"
இதைவிட நல்ல பதில்
இந்த வேலையில் கிடையாது.

நஜ்முதீன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
இரண்டு திருகு, ஒரு நெம்பு.
ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவினோம்.
மொத்தம் நான்கு நிமிஷம்.
பழைய பெட்டியில் இதே வேலைக்கு
ஒரு ராத்திரியும் ஒன்பது கையெழுத்தும்.

மாற்றுத் தட்டைச் செருகினோம்.
ஏற்கவில்லை.
மென்பொருள் பதிப்பு வேறாம்.
மற்ற மூன்றும் பேசுகிற பாஷை
இதற்குப் புரியவில்லையாம்.
ஸ்லைடில் இது இல்லை.
லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்தேன்.
நாற்பது நிமிஷம் என்றது திரை.

அந்த நாற்பது நிமிஷம்
மூன்றுக்கு மேல் ஒன்றும் இல்லை.
அப்போதுதான் எண்ணினேன்:
தட்டுக்கு மூன்று விசிறி, பன்னிரண்டு.
செருகுமுனைகள் அதைவிட அதிகம்.
உறுப்பு கூடினால்
உடைவதற்கு இடமும் கூடும்.
எல்லாவற்றுக்கும் பின்னே
நான்கையும் தாங்கும் முதுகுப்பலகை.
அது ஒன்றே ஒன்று.

"என்ன யோசனை?" என்றான் நஜ்முதீன்.
எங்கள் அறையிலும் நான்கு கட்டில்.
மார்ச்சில் ரெஜினால்டுக்குச் சம்பளம் வரவில்லை.
மெஸ் பணத்தை மூவர் பிரித்துக் கட்டினோம்,
அவன் தட்டில் மீன் குறையவில்லை.
ஜூலையில் நால்வருக்கும் வரவில்லை.
கம்பெனி ஒன்றுதானே.
"ஒன்றுமில்லை, பலகையைப் பார்த்தேன்" என்றேன்.

மூன்று மணி ஏழு நிமிஷம்.
பச்சை. நான்கும் பச்சை.
அறிக்கையில் எழுதினேன்:
மின்தடை, பூஜ்யம்.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
உதிரித் தட்டுகளின் பதிப்பை
மாதம் ஒருமுறை சரிபார்க்கவும்.
முதுகுப்பலகைக்கும் ஓர் உதிரி வாங்கவும்.
யாகூப் இதற்கும் கேட்பார்.
கேட்கட்டும்.

உருவிய தட்டு தரையில் கிடக்கிறது.
கழற்றிய பின்னும் ஐந்து நிமிஷம்
உள்ளே கை வைக்காதே என்று ஸ்டிக்கர்.
ஐந்து எப்போதோ ஆகிவிட்டது.
யாரும் தொடவில்லை.

வேனுக்குத் தூக்கிப் போனோம்.
கதவைத் திறந்ததும் என் கண்ணாடி மங்கியது.
குளிரில் இருந்த தகரம்
வெளிக்காற்று பட்டதும்
மேலெல்லாம் நீர்முத்து விட்டது.
லேபிள் ஒட்டவில்லை, நழுவியது.
நஜ்முதீன் சட்டை நுனியால் துடைத்து
மறுபடி அழுத்தினான்:
பழுது. வாரண்டி உண்டு.
திருப்பி அனுப்பப்படுகிறது.